ரெண்டு ஆஸ்பத்திரி, ஒரு நாற்காலி

ஆஸ்பத்திரியில டோக்கன் குடுக்கறவன் வேலை இன்னான்னா, டாக்டரைத் திட்ட முடியாத ஜனங்க எல்லாம் திட்டறதுக்குத் தோதா ஒரு மூஞ்சிய வச்சிக்கினு காலையிலேர்ந்து உக்காந்திருக்கறது. ரேஷன் கடை, பேங்க், ரயில்வே டிக்கெட்டுன்னு ஜன்னலுக்குப் பின்னாடி உக்காந்து காலம் தள்ற அண்ணன் தம்பி அக்கா தங்கச்சிங்களே, உங்களுக்கு நான் வெளக்கிச் சொல்ல வேண்டியதில்ல. நீங்க பட்டதைத்தான் நானும் பட்டேன். கொஞ்சம் ஜாஸ்தியா பட்டது, எங்க ஆஸ்பத்திரிய எதிர் ஆஸ்பத்திரியோட சேர்த்தப்பதான்.

முதல் நாள்

கள்ளக்குறிச்சியில ஒரே தெருவுல எதிரும் புதிருமா ரெண்டு ஆஸ்பத்திரி. இந்தாண்ட எங்களுது, அந்தாண்ட அவங்களுது. நாங்க பெஞ்சு போட்டா அவங்க முதுகு சாயற பெஞ்சு போடுவாங்க. நாங்க ஃபேன் மாட்டினா அவங்க டிவி மாட்டுவாங்க. எங்க கவுண்டர்ல நான், ஏழுமலை. அவங்க கவுண்டர்ல பச்சையம்மா. பதினெட்டு வருஷமா ரெண்டு பேரும் உக்காந்த எடத்துலேர்ந்தே, யார் வாசல்ல செருப்பு ஜாஸ்தின்னு பார்த்துக்கினு இருந்தோம். ஒரு வார்த்தை பேசினதில்ல.

ஒரு நாளு ரெண்டு முதலாளிங்களும் கை குலுக்கிட்டாங்க. ரெண்டுக்கும் ஒரே நிர்வாகம், ஒரே மேனேஜர். டோக்கனு, வைத்தியம் எல்லாம் எங்க கட்டடத்துல. படுக்கை எல்லாம் எதிர்ல. மேனேஜர் எங்க ரெண்டு பேரையும் கூப்புட்டு, "மூணு மாசம் சேர்ந்து பாருங்க. அப்புறம் கவுண்டருக்கு ஒரு ஆளு போதும்"னுட்டாரு. எனக்கோ நாப்பத்தெட்டு வயசு, பொண்ணு விழுப்புரத்துல காலேஜ் படிக்குது, எனக்குத் தெரிஞ்ச ஒரே தொழிலு நம்பர் எழுதிக் குடுக்கறது. இதை வுட்டா எங்க போறது?

மறுநாள் காலையில ஏழு மணிக்கே போயி கவுண்டர்ல இருந்த ஒரே நாற்காலியப் புடிச்சிடணும்னு ஓடினேன். பச்சையம்மா அதுக்கும் முன்னாடியே வந்து, அதுல ஜம்முனு உக்காந்து பூ கட்டிக்கினு இருந்தா. தலைய நிமிர்த்தாமலே சொன்னா: "வாங்கண்ணா. உங்களுக்குப் போட்ட ஸ்டூலு உறுதியாத்தான் இருக்குது, நான் ஆட்டிப் பார்த்துட்டேன்."

எதிர்ல ஒரு வாட்டி

எங்க ஊரு ஜனங்களுக்கு ஒரு பழக்கம். இங்க காட்டிட்டு, சீட்டை மடிச்சி இடுப்புல சொருவிக்கினு, நேரா எதிர் ஆஸ்பத்திரிக்குப் போயி மொதல்லேர்ந்து காட்டுவாங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சொன்னாதான் மாத்திரை வாங்குவாங்க. ரெண்டும் ஒன்னாயிடுச்சுன்னு பெரிசா போர்டு வச்சோம். போர்டை யாரு படிக்கிறாங்க?

வடக்கனந்தல்லேர்ந்து மரவள்ளி போடற பெரியவரு ஒருத்தரு வந்தாரு. சர்க்கரை ஏறிப் போச்சு, சோத்தைக் கம்மி பண்ணுங்க, டீயில இனிப்பே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பெரியவருக்கு மூஞ்சி செத்துப் போச்சு. வாசல்ல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு, விறுவிறுன்னு ரோட்டைத் தாண்டினாரு. "ஐயா, அதே டாக்டருதான் இப்ப அங்க ரவுண்ட்ஸ் போயிருக்காரு"ன்னு கத்தறேன், காதுலயே வாங்கல. அரை மணி கழிச்சித் திரும்பி வந்தாரு. படுக்கைங்களுக்கு நடுவுல பூந்து, டாக்டர் முன்னாடி கைய நீட்டி, புதுசா பார்க்கறாப்புல எல்லாத்தையும் மறுபடி சொல்லியிருக்காரு. டாக்டரும் அவசரத்துல அதே சர்க்கரை, அதே சோறு, அதே டீ.

"பெரியவரே, அது இங்க பார்த்த அதே ஆளுய்யா"ன்னேன். என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு சொன்னாரு: "எனக்குக் கண்ணு தெரியாதா இன்னா? இங்க ஒன்னு அங்க ஒன்னு பேசறாரான்னு பார்த்தேன். மாத்தல. நம்பலாம்."

பங்காளிங்க

மூங்கில்துறைப்பட்டு பக்கம் கரும்பு போடற அண்ணன் தம்பி ரெண்டு பேரு. வரப்புத் தகராறுல பேச்சுவார்த்தை நின்னு பல வருஷம். அண்ணன் எங்க ஆஸ்பத்திரி, தம்பி எதிர் ஆஸ்பத்திரி. மூஞ்சியில முழிக்காம இருக்கறதுக்குன்னே ஆஸ்பத்திரியப் பிரிச்சிக்கினவங்க. இப்ப ஒரு திங்கக்கிழமை ரெண்டு பேரும் ஒரே கூடத்துல. அண்ணனுக்கு முட்டி வலி. தம்பிக்கு உள்ளங்கையில கட்டி பழுத்து, மூஞ்சியே சுண்டிப் போயிருந்துச்சு.

"அவன் உக்காந்த பெஞ்சுல நான் உக்கார மாட்டேன்"னு அண்ணன் குதிச்சாரு. நான் சமாதானம் சொல்றதுக்குள்ள பச்சையம்மா, "அப்ப நில்லுங்க. உங்களுக்கு இருவது, அவருக்கு இருவத்தொன்னு"ன்னு சீட்டக் கிழிச்சிக் குடுத்துட்டா. தம்பிய முந்திட்டோம்னு அண்ணனுக்கு ஒரே பெருமை. அந்த முட்டிய வச்சிக்கினு தூணோரமா நின்னுக்கினே இருந்தாரு, ஆனா கண்ணு மட்டும் தம்பி கை மேலயே இருந்துச்சு. நான் இருவதைக் கூப்புட்டேன். நகரல. மறுபடி கூப்புட்டேன். ஜன்னல்கிட்ட வந்து குனிஞ்சி, பல்லைக் கடிச்சிக்கினு சொன்னாரு: "இருவத்தொன்னக் கூப்புடு. நான் சொன்னேன்னு மட்டும் எவனாவது சொன்னீங்க, இந்த ஆஸ்பத்திரி பக்கமே வர மாட்டேன்."

அறுவத்தொன்னு

இதை சிரிச்சிக்கினு சொல்ல முடியாது, ஆனா சொல்லாம வுட்டா நான் யோக்கியன்னு நெனச்சிப்பீங்க.

எனக்கு வரிசைன்னா வரிசை. எவ்ளோ பெரிய ஆளு வந்தாலும் நம்பர்படிதான். பச்சையம்மா அப்படி இல்ல. கல்வராயன் மலையிலேர்ந்து யாராவது வந்தா, பேரு வயசு எல்லாம் அப்புறம். "திரும்பிப் போற பஸ்ஸு எத்தினி மணிக்கு?"ன்னுதான் மொதல்ல கேப்பா. அதுக்குன்னே காலையில சின்ன நம்பருல கொஞ்சம் சீட்ட எடுத்து வச்சிருப்பா. இது போதாதா எனக்கு? நாற்காலி ஆசையில நேரா மேனேஜர்கிட்ட போயி போட்டுக் குடுத்துட்டேன். அவரு பச்சையம்மாவக் கூப்புட்டுத் திட்டி, இனிமே வரிசைப்படிதான்னுட்டாரு. அன்னிக்கு எனக்கு டீ ரொம்ப ருசியா இருந்துச்சு.

அடுத்த வாரம், வெள்ளிமலைக்கு அந்தாண்டேர்ந்து ஒரு பொண்ணு காய்ச்சக்காரக் கொழந்தையத் தூக்கிக்கினு வந்துச்சு. விடியக்காலம் கெளம்பி, பஸ் நிக்கற எடம் வரைக்கும் நடந்து, பஸ்ஸு புடிச்சி எங்ககிட்ட வந்து சேர்றப்ப நம்பரு அறுவத்தொன்னு. நான்தான் எழுதிக் குடுத்தேன். கொழந்தையக் காட்டிட்டு அது வெளிய வர்றப்ப, அதோட ஊருக்குப் போற பஸ்ஸு போயாச்சு. அன்னிக்கு அதுக்கப்புறம் பஸ்ஸே கெடையாது. எனக்கு நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. பச்சையம்மாதான் எந்திரிச்சி வந்தா. "வா, எங்க வூட்ல படுத்துக்கோ"ன்னு கொழந்தைய வாங்கித் தோள்ல போட்டுக்கினா. நாலு வார்த்தை அசிங்கமா திட்டியிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும். ஆனா அந்தப் பொண்ணு என்கிட்ட சொல்லிட்டுப் போனது இதுதான்: "பரவால்லீங்க சார். காச்ச எறங்கிடுச்சு இல்ல, பஸ்ஸு நாளைக்கும் வரும்."

தொண்ணூறாம் நாள்

மூணு மாசம் முடிஞ்சி மேனேஜர் என்னைக் கூப்புட்டாரு. இன்னா பேசணும்னு வூட்ல கண்ணாடி முன்னாடி நின்னு ஒத்திகையெல்லாம் பார்த்து வச்சிருந்தேன். பதினெட்டு வருஷ விசுவாசம், பொண்ணு படிப்புன்னு நல்லாத்தான் இருந்துச்சு. உள்ள போனா, வாயில வேற வருது. "சார், அன்னிக்கு நான் போட்டுக் குடுத்தது தப்பு. பஸ்ஸைக் கேட்டு நம்பர் குடுக்கறதுதான் சரி. நாற்காலிய அந்தம்மாவுக்கே குடுத்துடுங்க."  வூட்ல போயி இன்னா சொல்றதுன்னு தெரியல.

மேனேஜர் சிரிச்சாரு. "நேத்து பச்சையம்மா வந்து பேசிட்டுப் போனாங்க. மலை பஸ்ஸு வந்து நிக்கற பஸ் ஸ்டாண்டுலயே ஆளு போட்டு, எறங்கற நோயாளிங்களைக் கூவிக் கூப்புட்டு, பேரும் திரும்பிப் போற நேரமும் எழுதி இங்க ஃபோன் பண்ணிட்டா, அவங்க வர்றதுக்குள்ள டோக்கன் ரெடியா இருக்குமாம். அந்த வேலைக்கு நீங்கதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னாங்க"ன்னாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. நேரா கவுண்டருக்குப் போனேன். "ஏம்மா, நான் உனக்குப் பண்ண துரோகத்துக்கு, என் மேல இவ்ளோ நல்ல அபிப்பிராயமா?"ன்னு கேட்டேன். பச்சையம்மா சீட்டுக்கட்டைத் தட்டி அடுக்கிக்கினே சொன்னா: "அபிப்பிராயமாவது ஒன்னாவது. பதினெட்டு வருஷமா நீங்க இங்க 'பத்து'ன்னு கூவினா, அங்க என்னோட பத்தாம் நம்பரு எந்திரிச்சி ரோட்டைத் தாண்டி வந்துடுவாரு. அந்தத் தொண்டைக்கு பஸ் ஸ்டாண்டுதாண்ணா லாயக்கு."

பதினெட்டு வருஷமா தனக்கே தெரியாம எதிர் ஆஸ்பத்திரி நோயாளிங்களை ஓட்டிக்கினு வந்தவனுக்கு, அதையே வேலையா குடுத்து மாசச் சம்பளமும் குடுக்கற நிர்வாகம் இந்த ஜில்லாவுல வேற எங்க இருக்குது, நீங்களே சொல்லுங்க.