மாமியாருக்குக் காய்ச்சல் கேட்டவன்

விசுவாசத்தில் என் அண்ணன் தம்பிகளே, அக்கா தங்கைகளே! இதை எழுதும் தாவீது என்பவன் ஒரு காலத்தில் திருடன். திருடியது சொந்த மாமியாரிடம். திருடியதை மறைக்க நான் செய்த ஜெபத்தை எந்தப் புத்தகத்திலும் தேடாதீர்கள், கிடைக்காது. அந்த ஜெபத்துக்கும் பதில் வந்தது. அதுதான் பயங்கரம்.

வில்லியனூரிலிருந்து சைக்கிளில் அரை மணி நேரம் போனால் எங்கள் ஊர். எழுபதுகளில் நடந்தது இது. எனக்கு அப்போது முப்பத்து நாலு வயது. குத்தகைக் கரும்பு, ஒரு ஜோடி மாடு, மூன்று பிள்ளைகள். இருந்தது மாமியார் வீட்டில். மாமியார் மதலேனம்மாள் என் அப்பாவின் சொந்த அக்கா. அதனால் மாப்பிள்ளை என்ற மரியாதையெல்லாம் எனக்குக் கிடையாது. 'டா'தான். சில நாள் அதுவும் கிடையாது, 'கழுதை'தான்.

மாமா பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து சைகோன் வரை போய் வந்தவர். அவர் செத்த பிறகு அத்தைக்குப் பென்சன் வந்தது. கரும்பு காய்ந்த வருஷமெல்லாம் என் பிள்ளைகள் தின்றது அந்தச் சோற்றைத்தான். பென்சனுக்கு ஆதாரம் மாமாவின் பட்டாளப் புத்தகம். உள்ளேயே அத்தையின் பென்சன் தாளும் ஒட்டியிருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை அத்தை அந்தப் புத்தகத்தோடு டவுனுக்குப் போய், பிரெஞ்சுக்கார ஆபீசில், தான் உயிரோடு இருப்பதை நேரில் காட்டிவிட்டு வர வேண்டும். புத்தகம் இல்லையென்றால் பென்சன் இல்லை.

அந்தப் புத்தகத்தைத்தான் நான் எடுத்துக் கொடுத்தேன். யாருக்கு? அவன் பெயரை எழுதி இந்தத் தாளை அசிங்கப்படுத்த மாட்டேன். வெள்ளை ஷூ போட்டிருந்தான். வெள்ளை ஷூ என்றே வைத்துக்கொள்வோம். பங்குனி வெயிலில், எங்கள் ஊர்ப் புழுதியில், ஒருவன் ஷூவில் அழுக்கே படாமல் நடக்கிறான் என்றால் அவனைப் பார்த்த உடனே விரட்டியிருக்க வேண்டும். நான் நாற்காலி போட்டேன்.

பாரீசில் கார் கம்பெனியில் வேலை என்றான். பாகூர்ப் பக்கத்திலிருந்து போன மாதம்தான் ஆறு பேரை ஏற்றி அனுப்பினேன் என்றான். பணம்கூட அதிகம் கேட்கவில்லை. அதனாலேயே நம்பினோம். "பணம் இன்னாங்க பணம், வம்சம்தான் முக்கியம். வூட்ல யாரும் சொல்தா இருந்தாங்களா? அவங்க பேப்பர் குடுங்க, வேலை கைமேல" என்றான். வேறு ஊரில் இந்தப் பேச்சு எடுபட்டிருக்காது. பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் பக்கத்தில்தான் பெட்டிக்குப் பெட்டி பிரெஞ்சுத் தாள் கிடக்கிறது. என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரிந்தவர்கள் கல்லறைக்குப் போய்விட்டார்கள். அதன் மதிப்பு எங்களைவிட அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அத்தை பூசைக்குப் போன நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்தேன். ஒரு மாதத்தில் திருப்பி வைத்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதோடு விட்டேனா? ஊரில் கூட்டம் சேர்த்துச் சிரிக்க வைப்பவன் நான். என் வாயை நம்பி இன்னும் மூன்று பேர் தங்கள் வீட்டுத் தாளைக் கொடுத்தார்கள். அதில் ஒருவன் மரிசூசை, என் சிநேகிதன்.

கப்பல் ஏறுவதற்கு ஒரு நாள் குறித்தான் வெள்ளை ஷூ. காலை பத்து மணிக்குத் துறைமுகப் பாலத்துக்கு வரவேண்டும். முக்கியமாகக் கம்பளிச் சட்டை போட்டு வரவேண்டும், அங்கே பனி, கம்பளி இல்லாதவனைக் கேப்டன் ஏற்ற மாட்டான் என்றான். டவுன் சந்தையில் பழைய கம்பளிச் சட்டை வாங்கினோம். எனக்குக் கிடைத்தது சிவப்பு, யாரோ வெள்ளைக்காரி போட்டது. இடுப்பில் இறுக்கமாகவும் மார்பில் தாராளமாகவும் இருந்தது.

சித்திரை வெயில். பாலத்தின் மேல், வேறு ஊர்களில் ஏமாந்தவர்களையும் சேர்த்துப் பதினோரு ஆம்பிளைகள் கம்பளி போட்டுக்கொண்டு கடலைப் பார்த்து நிற்கிறோம். பத்து மணி ஆனது. பன்னிரண்டு ஆனது. கப்பல் இல்லை, ஒரு கட்டுமரம்தான் வந்தது. அதிலிருந்த நல்லவாட்டு மீனவன் எங்களை ஏற இறங்கப் பார்த்தான்.

"இன்னா அண்ணாத்த, அல்லாருக்கும் ஒரே நேரத்துல குளிர் ஜுரமா?"

மரிசூசை தன் கம்பளியைக் கழற்றி என் முகத்தில் எறிந்தான். "சிரிடா. இப்ப சிரிச்சுக் காட்டுடா பாக்கலாம்" என்றான். எனக்குச் சிரிக்க வரவில்லை.

மறுநாள் காலை எங்கள் வீட்டு வேலியில், என்னை நம்பித் தாள் கொடுத்தவர்களின் மூன்று கம்பளிச் சட்டைகள் தொங்கின. அத்தை கேட்டாள், "யார்துடா இது?" கொல்லையில் காக்காய் விரட்டப் பொம்மை கட்டப் போகிறேன் என்றேன். "பட்டாளத்துக்காரன் வூட்டுக் காக்கா கம்பளியப் பாத்துதான் பயப்படுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

வெள்ளை ஷூவைத் தேடி அலைந்தேன். பாகூரில் அவன் சொன்ன தெருவே இல்லை. பிள்ளைச்சாவடியில் பார்த்ததாக ஒருவன் சொன்னான், ஓடினேன். அங்கே வெள்ளை ஷூ போட்டிருந்தவர் பள்ளிக்கூட டிரில் மாஸ்டர். நல்லவேளை, கையை ஓங்கியதோடு நிறுத்திக்கொண்டேன்.

இதற்குள் அத்தை ஆபீசுக்குப் போகும் புதன்கிழமை வந்துகொண்டிருந்தது. ராகு காலம், எமகண்டம் பார்க்காத கிறிஸ்தவன் நான், பல்லி கத்தினால் துள்ளினேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் விழுந்தேன். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர்தானே. மொட்டை என்றேன். சாராயத்தை விடுகிறேன் என்றேன். கோழி என்றேன், சேவல் என்றேன், கடைசியில் தமாஷையே விட்டுவிடுகிறேன் என்றேன். சுரூபம் அசையவில்லை. அப்போதுதான் என் புத்தியில் சாத்தான் ஒரு யோசனை வைத்தான்.

"அந்தோணியாரே, புத்தகம் கிடைக்கிற வரைக்கும் அத்தை டவுனுக்குப் போகக் கூடாது. ஒரு சின்னக் காய்ச்சல் கொடும். உயிருக்கு ஒன்றும் ஆக வேண்டாம். படியிறங்க முடியாத அளவு இருந்தால் போதும்."

வீட்டுக்கு வந்தேன். அத்தை பாயில் சுருண்டு கிடந்தாள். பல் கிட்டி உடம்பு தூக்கிப் போட்டது.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். கூரையைப் பார்த்துக் கும்பிட்டேன். "இன்னா மாமா கும்புடறீங்க? அம்மாவுக்கு நெருப்பாக் கொதிக்குது!" என்று என் மனைவி ரெஜினா கத்தினாள். அவசரமாக முகத்தைச் சோகமாக்கிக்கொண்டேன்.

புதன் போனது, வியாழன் போனது. சந்தோஷமும் போனது. வில்லியனூர் டாக்டர் மாத்திரை கொடுத்தார். "வேர்க்கணும்யா. வேர்த்து எறங்கினாத்தான் கேரண்டி" என்றார். வேர்க்கவில்லை. வெள்ளிக்கிழமை அத்தை கஞ்சியையும் ஒதுக்கிவிட்டாள். "சாமியாரைக் கூப்புடுங்க, எனக்கு அவஸ்தைப்பூசுதல் குடுங்க" என்றாள்.

அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. நான் கொன்றுவிட்டேன். கத்தி இல்லை, விஷம் இல்லை. முழங்காலில் நின்று, கையைக் குவித்துக்கொண்டு கொன்றிருக்கிறேன். போலீஸ் வந்தால் என்னவென்று எழுதுவான்?

பங்குச் சாமியார், சாகிறவர்களுக்குப் பூசும் தைலத்தோடு வந்தார். அவரை மாட்டுக்கொட்டகைக்கு இழுத்துப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். நல்ல கோபக்காரர் அவர். கோபம் வரும்போது அவருக்கும் எங்கள் பேச்சுதான் வரும்.

"காய்ச்சல் கேட்டியா? நான் எத்தினி வருசமா மழை கேக்கறன், எனக்கு ஒரு தூத்தல் இல்ல. நீ கேட்டா ஒரே நாள்ல காய்ச்சலா?"

"மன்னிப்பு குடுங்க சாமி."

"நான் எதுக்குடா மன்னிக்கணும்? புத்தகம் என்னுதா? யாருதோ அவங்ககிட்ட போய்ச் சொல்லு. அப்புறம் என்கிட்ட வா."

அவர் உள்ளே போய்விட்டார். நான் சாணியில் முழங்கால் போட்டேன். இந்த முறை பேரம் பேசவில்லை. கோழி, சேவல் எதுவும் சொல்லவில்லை. "ஆண்டவரே, புத்தகம் போகட்டும். பென்சன் போகட்டும். என் மானமும் போகட்டும். அந்தக் காய்ச்சலை எனக்குக் கொடும். அத்தையை விட்டுவிடும்." அவ்வளவுதான் வந்தது. அழுகை மீதியைச் சொல்லிக்கொண்டது.

நல்ல ஜெபம் செய்தால் மனதுக்குள் அமைதி வரும் என்பார்கள். எனக்கு வரவில்லை. பயம்தான் கூடியது. ஆனால் கால் தானாக எழுந்து வீட்டுக்குள் நடந்தது. அதற்கு முன் எத்தனையோ நாள் உண்மையைச் சொல்ல நடக்காத கால் அது. அதை நான் நடத்தவில்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

சாமியார் தைலம் பூசி முடித்திருந்தார். அத்தைக்குக் குளிர் அடங்கவில்லை என்று ரெஜினா வீட்டிலிருந்த போர்வையெல்லாம் போர்த்திப் பார்த்து, போதாமல், வேலியில் தொங்கிய அந்த மூன்று கம்பளியையும் என் சிவப்பையும் எடுத்து மேலே போட்டிருந்தாள். அத்தை கண்ணைத் திறந்து சிவப்புக் கம்பளியைத் தடவிப் பார்த்தாள்.

"ஏதுடா தாவீது இவ்ளோ கம்பளி? நெசத்தச் சொல்லு. சாவற நேரத்துல பொய் கேக்க முடியாது என்னால."

சொன்னேன். பெட்டியைத் திறந்ததையும் வெள்ளை ஷூவையும் பாலத்தில் நின்றதையும் சொன்னேன். காய்ச்சல் கேட்டதையும் சொன்னேன்.

மூன்று நாளாகத் தலை தூக்காத அத்தை மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். கம்பளி நாலும் சரிந்து விழுந்தன.

"டேய்!"

அந்தச் சத்தத்தில் கோழிகள் கலைந்தன. கஞ்சிச் சொம்பு என் காதை உரசிப் போய்ச் சுவரில் மோதியது. அத்தை விடவில்லை. என் பிறப்பிலிருந்து ஆரம்பித்தாள். அவள் சொந்தத் தம்பியான என் அப்பாவையும் விடவில்லை. சாமியார் தைலக் குப்பியை மடியில் மறைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார். நான் அடி வாங்கத் தோதாகக் குனிந்து நின்றேன். அப்போதுதான் ரெஜினா கத்தினாள்.

"மாமா! அம்மாவுக்கு வேர்க்குது! நெத்தியில பாருங்க!"

நெற்றியில், கழுத்தில், கையில் வேர்வை ஊற்றாகக் கொட்டியது. திட்டத் திட்டக் காய்ச்சல் இறங்கியது. மாத்திரை வேலை செய்திருக்கும், தெரியும், எனக்கு அறிவு இல்லாமல் இல்லை. ஆனால் மூன்று நாள் சும்மா இருந்த மாத்திரை, நான் உண்மை சொன்ன நிமிஷத்தில் வேலை செய்தது. உங்களில் யாருக்காவது வேறு விளக்கம் இருந்தால் அதை அத்தையிடம் சொல்லிப் பாருங்கள்.

பத்து நாள் கழித்து அத்தை என்னை முன்னால் நடக்கவிட்டு ஆபீசுக்குக் கூட்டிப் போனாள். அங்கே, வருஷா வருஷம் அத்தையைப் பார்த்துப் பழகிய பெரியவர் ஒருவர் மேசையில் இருந்தார். புத்தகம் திருட்டுப் போய்விட்டது என்று அத்தை ஆரம்பிக்கும் முன்பே அவர் கேட்டார்.

"உங்களுக்கு ஆம்பளப் புள்ள இருக்குதாம்மா?"

"ஆம்பளப் புள்ள இல்லன்ற கொறைக்குத்தான் இந்தக் கழுதைக்குப் பொண்ணக் குடுத்தன்" என்றாள் அத்தை.

அவர் சிரித்துக்கொண்டே இழுப்பறையைத் திறந்தார். மாமாவின் பட்டாளப் புத்தகம்!

"முந்தாநாளு ஒருத்தன் இத எடுத்துக்கினு வந்தான். சொல்தாவோட மூத்த புள்ள, பிரெஞ்சுக்காரனா ஆவறதுக்குப் பேப்பர் போடணும்னான். ஃபைல்ல ஒரே பொண்ணுதான் இருக்குது. புத்தகத்த வாங்கி வெச்சிட்டு, உக்காரு, துரையக் கூட்டியாரன்னேன். தண்ணி குடிச்சிட்டு வரேன்னு போனவன்தான்."

வெள்ளை ஷூ அந்தப் புத்தகத்தை எவனிடமோ விற்றிருக்கிறான். வாங்கியவன் அதை இங்கேயே கொண்டுவந்திருக்கிறான். யோசித்துப் பாருங்கள். புதன்கிழமையே அத்தை போய்ப் புத்தகம் காணோம் என்று சத்தம் போட்டிருந்தால், செய்தி டவுன் முழுக்கப் பரவியிருக்கும். அவன் அந்த வாசலையே மிதித்திருக்க மாட்டான். கேட்கக் கூடாத காய்ச்சலைக் கேட்டேன். அந்தக் கேவலமான ஜெபத்தையும் ஆண்டவர் கீழே போடவில்லை, எடுத்துத் தம் வேலைக்கு வைத்துக்கொண்டார். எனக்குச் செருப்படி, அத்தைக்குப் புத்தகம், ஒரே கையால் கொடுத்தார்.

அத்தை புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு அதாலேயே என் மண்டையில் ஒன்று வைத்தாள். அந்தப் பெரியவர் முத்திரை குத்திய சத்தமும் அதுவும் ஒன்றாகக் கேட்டன.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுதினால் நான் பழைய தாவீதுதான். மற்ற இருவரின் தாளைப் போலவே, மரிசூசை கொடுத்த அவன் அப்பாவின் தாளும் கிடைக்கவில்லை. இரண்டு வருஷம் அவனோடு ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கினேன். வேறு தாள் எழுதி வாங்குவதற்குள் என் சைக்கிள் தேய்ந்துவிட்டது. இன்றைக்கும் நான் தமாஷ் சொன்னால் ஊர் சிரிக்கும், அவன் சிரிப்பதில்லை. வெள்ளை ஷூ பிடிபடவே இல்லை. அவனை மன்னித்துவிட்டாயா என்று சாமியார் கேட்கிறார். முயற்சி செய்கிறேன். ஷூ வரைக்கும் மன்னித்திருக்கிறேன், மேலே ஏற முடியவில்லை.

சாராயத்தை விட்டேன். தமாஷை விட முடியவில்லை, அந்தோணியாருக்கு அது தெரிந்துதான் இருக்கும். எங்கள் பங்கில் யாராவது வெளிநாட்டு வேலை என்று வந்தால் முதலில் அவனை என்னிடம்தான் அனுப்புகிறார்கள். நான் அந்தச் சிவப்புக் கம்பளியைப் போட்டுக்கொண்டு எதிரில் போய் உட்காருவேன். இதுவரை ஒருவனும் காப்பி முடியும்வரை இருந்ததில்லை.

இதைப் படிக்கிறவர்களே, நீங்களும் ஏமாந்திருக்கலாம். வீட்டுக்குத் தெரியாமல் எதையாவது கொடுத்துவிட்டு மறைத்துக்கொண்டிருக்கலாம். ஜெபம் பண்ணுங்கள். என்னைப் போல் அல்ல. முதலில் யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொல்லிவிட்டு, சொம்பு வந்தால் குனிந்து வாங்கிக்கொண்டு, பிறகு முழங்கால் போடுங்கள். ஆண்டவர் கைவிட மாட்டார். என்னையே விடாதவர் உங்களையா விடப்போகிறார்?

அத்தைக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. ஆண்டவருக்கு நன்றி, வருஷம் தவறாமல் டவுனுக்குப் போய் உயிரோடு இருப்பதைக் காட்டிவிட்டு வருகிறாள். ஆனால் லேசாக ஒரு தும்மல் வந்தால் போதும், வீடு அதிரக் கூப்பிடுவாள்.

"தாவீது! இங்க வாடா! இன்னாடா ஜெபம் பண்ண?"