கால் மடக்காத பட்டுப்பூச்சி

ஐப்பசியின் முதல் மழை ராத்திரி முழுக்கக் கொட்டிவிட்டு நின்றிருந்தது. காலை ஐந்தே முக்காலுக்கெல்லாம் வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டேன். கையில் ஒரு மஞ்சப்பை. அதில் நாலு இட்லி, குடை, போன், போனில் மாட்டுகிற குட்டி லென்ஸ். துணி காயப்போடும் கிளிப் மாதிரி கவ்விக்கொள்ளும். விலை முந்நூற்றைம்பது ரூபாய். எறும்பின் மீசைகூடத் தெரியும்.

நான் கிளம்பியது பட்டுப்பூச்சியைப் படம் எடுக்க. பட்டு நூல் எடுக்கிற பூச்சி இல்லை. மழை பெய்த மறுநாள் மண்ணுக்குள்ளிருந்து வருமே, வெல்வெட்டுத் துணியை உருட்டிப் போட்டதுபோல செக்கச்செவேலென்று, மிளகளவு, அது. இரண்டு மூன்று நாள்தான் கண்ணில் படும்.

என் தங்கச்சி சரோஜாவுக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. நேரே பார்த்தால் கறுப்பாக மறைக்கிறதாம். ஆபரேஷனுக்குச் சரிவராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன் நிறையப் பெரிசாகத் தெரிகிற படமென்றால் தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்துவிடுவாள். அதுவும் நாளுக்கு நாள் மங்குகிறது. "அந்தப் பட்டுப்பூச்சிய இன்னொரு வாட்டி பாத்துடணும்க்கா" என்று போன மாதம் சொன்னாள். அடுத்த வருஷ மழை வரைக்கும் அந்த ஓரக்கண்ணை நம்ப முடியாது.

6.10-க்கு உத்திரமேரூர் பஸ். இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், இருபத்தைந்து ரூபாய் டிக்கெட். பாலாற்றுப் பாலத்தில் எட்டிப் பார்த்தேன். மணலுக்கு நடுவே ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர்.

"காலங்காத்தால எங்கம்மா, கண்ணாலமா?" என்றார் கண்டக்டர்.

பூச்சி பார்க்க என்று எப்படிச் சொல்வது? ஆமாமென்று தலையாட்டிவிட்டேன்.

"மஞ்சப்பை கனமா கீதே. மொய் ஜாஸ்தி போல!"

பின்சீட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். நான் பையை மடியில் இறுக்கிக்கொண்டேன்.

உத்திரமேரூரில் ஒரு டீ, பன்னிரண்டு ரூபாய். 7.30-க்குச் சாலவாக்கம் டவுன் பஸ். அதில் பெண்களுக்குக் காசில்லை. அந்தப் பக்கத்து ஏரிக்கரை ஊர் ஒன்றில்தான் நாங்கள் பிறந்தோம். மழை விட்டதும் நானும் சரோஜாவும் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடுவோம். புல் போட்டு அதில் பட்டுப்பூச்சியை வைப்போம். தொட்டால் போதும், எட்டுக் காலையும் மடக்கிக்கொண்டு மண் உருண்டைபோல் கிடக்கும். யாராவது பேச்சுக் கொடுத்தால் நானும் அப்படித்தான் சுருங்கிக்கொள்வேன். பள்ளிக்கூடத்தில் எனக்கே பட்டுப்பூச்சி என்று பேர் வைத்துவிட்டார்கள். அஞ்சாவதோடு படிப்பு நின்றது, பேர் நிற்கவில்லை.

சாலவாக்கத்துக்கு இரண்டு ஸ்டாப் முன்னால் இறங்கி ஒரு கிலோமீட்டர் நடந்தேன். ஏரிக்கரைக்குக் கீழே மேட்டு மண். எட்டே காலுக்கு முதல் பூச்சியைப் பார்த்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்காக என் முறையைச் சொல்கிறேன். லென்ஸுக்கும் பூச்சிக்கும் இரண்டு விரற்கடை தூரம்தான் இருக்க வேண்டும். அதற்கு மண்டியிட்டு, முழங்கை ஊன்றி, முகத்தைத் தரையோடு வைக்க வேண்டும். நம் நிழல் அதன்மேல் விழக்கூடாது. மூச்சுக் காற்றும் படக்கூடாது. திரையைத் தொட்டுத் தொட்டுத் திருத்துவதில்லை. உடம்பையே நூலளவு முன்னும் பின்னும் அசைத்தால் ஓர் இடத்தில் பளிச்சென்று தெளியும், அப்போது எடுக்க வேண்டும். இருபது எடுத்தால் ஒன்று தேறும். பூச்சியை மட்டும் தொடவே கூடாது. நாம் இருப்பதை அது மறக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

அப்படிக் காத்திருக்கும்போதுதான் கரைமேலே பேச்சுக்குரல். நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள், பத்துப் பேர் இருக்கும்.

"இன்னா ஆயா தேடிக்கினு கீற?"

சட்டென்று போனை முந்தானைக்குள் மறைத்தேன். "ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமயா குப்புற வுயுந்து கெடக்குற? பாருடி, மூக்குல ஓட்ட வெறுசா கீது. மூக்குத்தியா ஆயா?"

நான் மூக்குத்தியைக் கழற்றிப் பல வருஷமாகிறது. ஆனாலும் தலை தானாக ஆடிவிட்டது.

அவ்வளவுதான். மண்வெட்டி, கூடையை எல்லாம் போட்டுவிட்டு பத்துப் பேரும் இறங்கிவிட்டார்கள். "ஒத்தக்கல்லா, ஏழுகல்லா?" "புல்ல வெலக்கிப் பாருடி!" இருபது பாதம் அந்த மண்ணை மிதித்தது. நான் பார்த்து வைத்திருந்த பூச்சி போன இடம் தெரியவில்லை. இன்னொன்று ஓரமாக ஊர்ந்து வந்தது. அதன் தலைக்கு மேலேயே ஒரு ரப்பர் செருப்பு இறங்கப் போனது.

"மெதிக்காதீங்க!"

அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். எல்லோரும் அப்படியே நின்றார்கள். வேறு வழியில்லை. மூக்குத்தி இல்லை, பூச்சி என்றேன். சரோஜாவின் கண்ணைப் பற்றியும் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது காது இரண்டும் சுட்டது.

ஒருத்தி சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள்.

"அடப் பாவமே, மொதல்லயே சொல்றதுக்கு இன்னா ஆயா? ஏழுகல்லுன்னு நான் பேஜாராயிட்டேன்."

காலை அந்தரத்திலேயே நிறுத்தித் தள்ளி ஊன்றியிருந்த செருப்புக்காரி மெதுவாகப் பின்வாங்கி உட்கார்ந்தாள். ஐம்பது வயதிருக்கும். பூச்சி உருண்டையாகக் கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை. உள்ளங்கையை மண்ணோடு மண்ணாக அதன் முன்னால் வைத்துவிட்டுச் சும்மா இருந்தாள். காற்று வீசியது. யாரும் சொல்லாமலே நாலு பேர் முந்தானையை விரித்து மறைப்புக் கட்டினார்கள். ஒரு கால் வெளியே வந்தது, பிறகு இன்னொன்று. அவள் விரலேறி, வெடிப்பு வெடிப்பாக ஓடிய ரேகைகள்மேல் அது நடந்தது. இருபத்து மூன்று படம் எடுத்தேன்.

கிளம்பும்போது அவள் பேரைக் கேட்டேன். மங்கம்மா. இட்லியை அங்கேயே பங்கு போட்டுத் தின்றோம். 11.40-க்குப் பஸ். கரைமேலிருந்து கையசைத்தார்கள். நானும் அசைத்தேன்.

வீட்டுக்கு வரும்போது மணி இரண்டு. தேறிய ஒரே படத்தைத் திறந்து சரோஜா கையில் கொடுத்தேன். தலையைச் சாய்த்து, போனைக் கன்னத்தோரம் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"எட்டுக் காலும் நீட்டிக்கினு கீதேக்கா! இது யாரு கை?"

"மங்கம்மான்னு ஒருத்தி."

"பேரெல்லாம் கேட்டியா நீ!"

அப்புறம் விரலை மெல்ல நீட்டினாள். திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தொடாமல் எடுத்துக்கொண்டாள்.

"வாணாம்க்கா. தொட்டா மடக்கிக்கும்."