சான்றிதழில் நான் தடவிய மஞ்சள்

முருகனை நம்பிக் கும்பிடுகிற என் உறவுகளே, எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் நடுவில் வாய் திறந்து பேசவும் வராது. ஆனால் எனக்கு நடந்ததைச் சொல்லாமல் இருந்தால் அது நன்றி கெட்ட செயல் ஆகிவிடும். அதனால் எழுதுகிறேன்.

ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. திருநெல்வேலியில் ஒரு மகளிர் கல்லூரி மைதானத்தில், வேப்பமரத்தடியில் போட்டிருந்த மேசைக்கு முன்னால் நானும் என் மகள் கனியும் நின்றுகொண்டிருந்தோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மேடம், கனியின் வாலிபால் சான்றிதழை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள்.

"என்னம்மா இது? சீல் எழுத்தே தெரியல. கையெழுத்தும் கரைஞ்சு போயிருக்கு. இதை வச்சு நான் எப்படி ஸ்போர்ட்ஸ் கோட்டால சீட்டு போட முடியும்?"

அந்தச் சீலை அழித்தது நான்தான்.

எங்கள் ஊர் வடகரை, குற்றாலத்துக்குப் பக்கத்தில். என் வீட்டுக்காரர் தேங்காய் லாரி ஓட்டுகிறார். வாரத்தில் பாதி நாள் கேரளாவில்தான் இருப்பார். கனி ஒரே பிள்ளை. ஆறாம் வகுப்பிலிருந்து வாலிபால் ஆடுகிறாள். உயரம் கிடையாது. அதனால் எதிராளி அடிக்கிற பந்தை எல்லாம் தரையில் விழாமல் பாய்ந்து எடுத்துக் கொடுக்கிற இடம் அவளுக்கு. அந்த இடத்தில் ஆடுகிற பிள்ளைக்கு மட்டும் சட்டை வேறு நிறத்தில் இருக்கும். அவள் முழங்கையிலும் முட்டியிலும் தோல் ஆறின நாளை நான் பார்த்ததில்லை. போன வருடம் மாநிலப் போட்டி வரைக்கும் போய்விட்டு வந்தாள். அதற்குக் கிடைத்த சான்றிதழ்தான் அது.

பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும்போதே அவளுடைய பி.டி. டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். "கனி அம்மா, நல்லா ஆடினா காலேஜ்காரங்க வீடு தேடி வருவாங்கன்னு இருந்துராதீங்க. நாமதான் போன் போட்டுக் கேக்கணும். செலக்சன் என்னைக்குன்னு கேக்கணும். ஹாஸ்டல் உண்டா, பிள்ள கேக்குற படிப்பு உண்டா, நாளைக்கு அடிபட்டா சீட்டு நிக்குமா, எல்லாம் கேக்கணும்."

நான் தலையைத் தலையை ஆட்டினேன். ஆனால் எந்தக் கல்லூரியிலும் ஒன்றும் கேட்கவில்லை.

தைப்பூசத்துக்குப் பிறகு ஒரு போட்டியில் கனி ஆடியதைப் பார்த்து, மதுரைப் பக்கத்துக் கோச் ஒருவர் நம்பர் எழுதிக் கொடுத்து, "அம்மாவைப் பேசச் சொல்லும்மா" என்றிருக்கிறார். அந்தத் துண்டுச் சீட்டை நான் சீனி டப்பாவுக்குள் போட்டு வைத்தேன். தினமும் டீ போடும்போது அதைப் பார்ப்பேன். நாளைக்குப் பேசலாம் என்று மூடிவிடுவேன். மாதக் கடைசியில் என் வீட்டுக்காரர் வந்து பேசினார். ஆள் எடுத்து முடித்துவிட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

"வாய்ல என்னட்டி, கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்று அவர் கத்தினார். கனி கத்தவில்லை. "ஒரு போன்தானம்மா" என்று மட்டும் சொன்னாள். அது எனக்கு அடி விழுந்ததைவிட வலித்தது.

நானும் வேண்டாத நாளில்லை. பண்பொழித் திருமலையில் இருக்கிற முருகனிடம், "யாரையாவது அனுப்பு சாமி, எனக்காகப் பேசுறதுக்கு ஒரு ஆளை அனுப்பு" என்று கும்பிட்டேன். டீச்சரே திருநெல்வேலிக் கல்லூரியில் பேசி, செலக்சனுக்கு நாள் வாங்கித் தந்தார்கள். அப்பாடா என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, புறப்படுவதற்கு முன்னால், நல்ல காரியத்துக்குப் போகிற காகிதம் ஆயிற்றே என்று மஞ்சளைக் குழைத்து சான்றிதழின் நான்கு மூலையிலும் வைத்தேன். முருகன் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டேன். காய்வதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட, அப்படியே பிளாஸ்டிக் உறைக்குள் தள்ளி ஃபைலை மூடிவிட்டேன். கல்யாணப் பத்திரிகைக்கும் மஞ்சள் வைக்கிறோம், வீட்டுப் பத்திரத்துக்கும் வைக்கிறோம். இதற்கும் வைத்தேன். வலது பக்கம் கீழ் மூலையில்தான் சீல் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஈர மஞ்சளில் ஊதா மை ஊறிப் பரவி, கையெழுத்தையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அன்று ராத்திரி பாளையங்கோட்டையில் என் தங்கை வீட்டில் தங்கினோம். திங்கட்கிழமை செலக்சனில் கனி பந்தை விடவே இல்லை. பட்டியலில் அவள் பெயர் மூன்றாவதாக இருந்தது. என் பக்கத்தில் ராயகிரியிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு ஓர் அண்ணாச்சி வந்திருந்தார். அந்தப் பிள்ளையின் பெயர் வரவில்லை. அவர் யாரிடமும் ஒன்றும் கேட்காமல் பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். என்னைப் போல ஒரு ஆள் என்று நினைத்தேன். பரிதாபமாக இருந்தது. கனியும் அந்தப் பிள்ளையும் நம்பர் மாற்றிக்கொண்டார்கள்.

மறுநாள்தான் இந்தச் சான்றிதழ் பார்க்கிற மேசை.

மேடம் நல்ல மாதிரி. "நாளைக்கு மத்தியானம் பன்னிரண்டு மணி வரைக்கும் வச்சிருக்கேன். கையெழுத்துப் போட்டவர்ட்ட புதுசா வாங்கிட்டு வாங்க. வரலன்னா அடுத்த பிள்ளைக்குப் போயிரும். நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்கள்.

வேறு எந்தக் கல்லூரிக்கும் நாங்கள் விண்ணப்பம் போடவில்லை. கையெழுத்துப் போட்டவரோ மாநில வாலிபால் சங்கத்துச் செயலாளர், ஈரோட்டுக்காரர். பெயர் தண்டபாணி. கனி டீச்சருக்குப் போன் செய்தாள். டீச்சர் அலைந்து அவருடைய ஆபீஸ் நம்பரைப் பிடித்துக் கொடுத்தார்கள். கனி பேசினாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டு அவள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றாள்.

"யம்மா, அந்த சாரு குத்தாலத்துல குளிக்கப் போயிருக்காராம். போன் கார்ல கிடக்குமாம். நாளைக்கு விடியங்காட்டி கொல்லத்துக்குப் போயிருவாராம்."

எங்கள் வீட்டுப் பக்கத்தில் இருக்கிற மனிதரைத் தேடி நாங்கள் திருநெல்வேலியில் நிற்கிறோம்.

பஸ்ஸில் ஏறினோம். கனி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "தெரியாமத் தடவிட்டேன் மக்கா" என்றேன். "விடும்மா" என்றாள். ஆலங்குளம் தாண்டும் வரைக்கும் அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக வேறு மாதிரி வேண்டினேன். "முருகா, யாரையும் அனுப்ப வேண்டாம். நானே கேட்கிறேன். யாரிடம் கேட்கிறேனோ அவர் காதில் அது விழுந்தால் போதும்."

தென்காசியில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். ஆட்டோக்காரத் தம்பி, "ஐந்தருவில தண்ணி கூடிட்டுன்னு விடலக்கா. பழைய குத்தாலத்துலயும் கயிறு கட்டிட்டாவ. பூராச் சனமும் மெயினருவிலதான் நிக்குது" என்றான். நான் மனதுக்குள் கும்பிட்டேன். மூன்று அருவியில் தேட வேண்டியதில்லை.

ஆனால் பேரருவி முன்னால் போய் நின்றதும் உயிரே போய்விட்டது. ஆண்கள் பக்கம் அத்தனை பேரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, துண்டைக் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். அருவிக்குள் நிற்கிறவர்கள் முகமே தெரியவில்லை. அந்தப் பக்கம் நான் எப்படிப் போவேன்? யாரை என்று பார்ப்பேன்? அந்த சார் எப்படி இருப்பார் என்றுகூட எனக்குத் தெரியாது.

ஒரு போலீஸ்காரர் மைக்கில், "ஷாம்பு போடாதீங்க, சோப்பு போடாதீங்க, ஏ பச்சைத் துண்டு, வெளிய வாருமய்யா, எவ்வளவு நேரம்தான் குளிப்பீரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் போய் நின்றேன். வாய் வரவில்லை. சாரல் அடித்து கனியும் நானும் பாதி நனைந்துவிட்டோம். அவரே திரும்பினார்.

"என்னக்கா, பிள்ளயத் தொலைச்சிட்டியளா?"

"இல்ல சார். ஒரு ஆளத் தேடுதோம்."

"யாரு, வீட்டுக்காரரையா? வேணும்னே உள்ள நிப்பாரு." பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

நான் விவரத்தைச் சொன்னேன். அவர் காதில் கையை வைத்தார். "தண்ணிச் சத்தத்துல ஒண்ணும் விளங்கலக்கா. இந்தாங்க, நீங்களே சொல்லுங்க" என்று மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார்.

கனி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என் குரல் எனக்கே கேட்டது.

"ஈரோட்டு தண்டபாணி சார், வாலிபால் தண்டபாணி சார், நீங்க எங்கன இருந்தாலும் வெளிய வாங்க. எம்பேரு வேலம்மா. வடகரை. எம்பிள்ளைக்குக் காலேஜ்ல சீட்டு கெடச்சிருக்கு. நீங்க போட்ட கையெழுத்த நாந்தான் மஞ்சளத் தடவி அழிச்சிட்டேன். பிள்ள மேல ஒரு தப்பும் இல்ல சார். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள குடுக்கணும். தண்டபாணி சார், வாங்க சார்."

முருகன் பெயரைத்தான் அருவி முழுக்கக் கூப்பிட்டிருக்கிறேன் என்று அப்புறம்தான் உறைத்தது.

அருவிக்குள் நிற்கிறவர்களுக்கு மைக் சத்தம் கேட்காது. ஆனால் வரிசையில் நின்ற ஆண்கள் கேட்டுவிட்டார்கள். ஒருவர் முன்னால் நின்றவரிடம் சொன்னார். அவர் அடுத்தவரிடம் சொன்னார். "ஏ, உள்ள வாலிபால் சாரு யாருவே? ஒரு பிள்ளைக்குக் கையெழுத்து வேணுமாம்!" என்று கூப்பாடு அருவிக்குள் போனது. சிரித்துக்கொண்டுதான் கூப்பிட்டார்கள். ஆனால் ஒருவர்கூட விடவில்லை.

கண் சிவந்த, தொப்பை வைத்த ஒரு மனிதர் துண்டைப் பிழிந்துகொண்டே வெளியே வந்தார்.

"ஏனுங்கம்மா, என்ற பேரை எதுக்குங்க இப்படி ஏலம் போடறீங்க?"

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் கனியைப் பார்த்தார். "அட, அந்த வேற கலர் சட்டைப் புள்ளைதானே நீ? விழுந்து விழுந்து எடுத்தியே" என்றார். கொல்லத்தில் மறுநாள் போட்டி இருந்ததால், சங்கத்துச் சீலும் பெயர் எழுதாத சங்கச் சான்றிதழ்களும் அவர் காரிலேயே இருந்தன. போனில் இருந்த பழைய பட்டியலில் கனியின் பெயரைச் சரிபார்த்தார். ஈரத் துண்டோடு கார் பானெட்டில் வைத்துப் புதுச் சான்றிதழ் எழுதி, சீல் வைத்தார். கல்லூரி மேடத்திடமும் போனில் அவரே பேசினார். கொடுக்கும்போது, "மஞ்சள் வெக்கறதுன்னா ஜெராக்ஸ்ல வெய்ங்கம்மா. சாமி கோவிச்சுக்காதுங்க" என்றார்.

புதன்கிழமை காலை முதல் ஆளாக அந்த மேசைக்கு முன்னால் நின்றோம். கனிக்கு இடம் கிடைத்தது. ஹாஸ்டலும் உண்டு. சேர்க்கைத் தாளில் நான் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், டீச்சர் சொன்ன கேள்விகளை நானே மேடத்திடம் கேட்டேன். அடிபட்டால் சீட்டு நிற்குமா என்பதையும் கேட்டேன். நிற்கும் என்று சொன்னார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை திருமலைப் படியேறி, ஜெராக்ஸை முருகன் சன்னதியில் வைத்து வாங்கி, நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்தேன். எனக்காகப் பேச ஆளை அனுப்பு என்று எத்தனை மாதம் கேட்டேன்! அருவி முன்னால் நின்றபோது அவன் யாரையும் அனுப்பவில்லை. மூடிக்கிடந்த என் வாயைத்தான் திறந்துவிட்டான்.

விளையாடுகிற பிள்ளைகளைப் பெற்றவர்களே, பயப்படாமல் கேளுங்கள். சாமியிடமும் கேளுங்கள், மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிற மனிதரிடமும் கேளுங்கள். உங்கள் குரல் நடுங்கினால் நடுங்கட்டும்.

அந்த ராயகிரி அண்ணாச்சிக்கு நேற்று போன் செய்தேன். "எனக்குப் பேச வராதும்மா" என்றார். எனக்கும் வராதுதான் என்றேன். அவர் மகளுக்காக இன்னொரு கல்லூரிக் கோச்சுக்கு நானே போன் போட்டேன். வெள்ளிக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். இடம் கிடைக்குமா என்று தெரியாது. அந்தப் பிள்ளைக்காக நீங்களும் வேண்டிக்கொள்ளுங்கள். நான் ஜெராக்ஸ் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.