பின்சீட்டுக்கு அடியில் தூங்கும் பம்பு

என் வீட்டுக்காரருக்கு லாட்ஜுகளில் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிற வேலை. செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் இடங்களில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறதென்றால், பாதி இவர் புண்ணியம். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். இந்த மனுஷன் எங்கள் பழைய சின்ன காருக்கு டர்போ மாட்டினார்.

டர்போ என்றால் என்ன என்று எனக்கு அடுப்பங்கரையில்தான் பாடம் நடந்தது. வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு விசிறி சுற்றும். அது இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும். காற்று ஜாஸ்தியானால் பெட்ரோலும் ஜாஸ்தியாக வேண்டும். வராவிட்டால் உள்ளே சூடு தாங்காமல் பிஸ்டன் உருகிவிடும். முதல் இஞ்சின் அப்படித்தான் போனது. ஓட்டை விழுந்த பிஸ்டனைக் கொண்டுவந்து மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். தெருவில் வீசலாம் என்றுதான் எடுத்தேன். கெட்டி உலோகம் மெழுகு மாதிரி வழிந்து நின்றிருந்தது. வீசத் தோன்றவில்லை, பார்த்துக்கொண்டே நின்றேன்.

அடுத்த இஞ்சினுக்குப் பின்சீட்டின் அடியில் இன்னொரு பெட்ரோல் பம்பு வைத்தார். சாவி போட்டதும் இரண்டு பம்பும் ஓடும். "ஜாஸ்தி வந்தா தப்பில்ல, கம்மி ஆனாதான் ஆபத்து," என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

சித்திரை பௌர்ணமி அன்று செங்கத்திலிருந்து திரும்பினோம். கிரிவலத்துக்காக ரோட்டை அடைப்பதற்குள் வந்துவிடலாம் என்று இவர் கணக்கு. கூட்டம் எங்கள் கணக்கையெல்லாம் கேட்கவில்லை. கொளுத்துகிற வெயிலில், நடக்கிறவர்களுக்கு நடுவே, அவர்களைவிட மெதுவாக ஊர்ந்தோம். ஆசிரமம் தாண்டியதும் கார் இருமிவிட்டு நின்றது. கிரிவலம் வந்தவர்கள் செருப்பில்லாத காலோடு, "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று சொல்லிச் சொல்லிக் காரைத் தள்ளினார்கள். நான் வேலை பார்க்கிற ஆபீஸ் ஆள் ஒருவர் நின்று வேடிக்கை பார்த்தார். மானம் கப்பலேறியது.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். "இன்னொரு தடவ என்னை வெச்சிகினு இது நின்னுச்சின்னா, டர்போவ கழட்டிடணும்." சண்டை போடுவார் என்று பார்த்தேன். "சரி, கழட்டிடறேன்," என்றார். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளை அதற்குக் கொடுத்த மனுஷன். அந்த ஒரு சொல்லோடு வாயை மூடிக்கொண்டது எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் நான் இறங்கி வரவில்லை.

மறுநாள் காரணம் கண்டுபிடித்தார். இஞ்சின் எரித்தது போக மிச்சப் பெட்ரோல் இன்னொரு குழாய் வழியாக டேங்குக்கே திரும்புமாம். மெதுவாகப் போகும்போது தேவை கொஞ்சம். இரண்டு பம்பும் இறைத்ததெல்லாம் சூடான இஞ்சினைச் சுற்றிவிட்டுத் திரும்பி, டேங்கையே சூடாக்கி, பெட்ரோல் ஆவியாகிக் குமிழி விட்டிருக்கிறது.

"அப்ப அதுவும் கிரிவலந்தான் போயிருக்குது," என்றேன். இவர் சிரிக்கவில்லை.

இரண்டாவது பம்பை எப்போதும் ஓடவிடக் கூடாது என்று முடிவு செய்தார். காற்றுக் குழாயிலிருந்து மெல்லிய ரப்பர் டியூப் ஒன்று, அதன் முனையில் ஒரு பிரஷர் சுவிட்ச். டர்போ காற்றைத் திணிக்கிற நேரத்தில் மட்டும் அந்த அழுத்தமே சுவிட்சைத் தட்டி பம்பை எழுப்பும். மற்ற நேரம் பம்பு தூங்கும். பெட்ரோல் அழுத்தம் காட்ட ஒரு மீட்டரும் வைத்து, அதில் என் நகப்பாலிஷால் ஒரு கோடு போட்டார். சோதித்துப் பார்க்க ஜவ்வாது மலை ஏறும்போது ஊசி அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் நான் சொல்ல வேண்டும், இவர் காலை எடுக்க வேண்டும். தாமதித்தால் இந்த இஞ்சினும் போய்விடும்.

மலைக்குப் போகிற வழியில் போளூர் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் மத்தியான வெயிலில் ஊர்ந்தோம். நிற்கவில்லை. இறங்கி டேங்கைத் தொட்டுப் பார்த்தார், சுடவில்லை. முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது.

மலை ஆரம்பித்தது. முதல் வளைவு தாண்டி ஆக்சிலேட்டரை அழுத்தினார். முதுகு சீட்டில் ஒட்டியது. பின்னால் பம்பு எழுகிற சத்தம் வரவில்லை. ஊசி கோட்டைத் தாண்டிக் கீழே விழுந்தது.

"விடு," என்றேன்.

கல்யாணம் ஆனதிலிருந்து இவரிடம் நான் 'ங்க' போடாமல் பேசினதில்லை. அதைச் சேர்க்க நேரமில்லை. எதையும் மூன்று முறை சொன்னால்தான் காதில் வாங்குகிற மனுஷன், ஏன் என்றுகூடக் கேட்காமல் காலை எடுத்துவிட்டார். இஞ்சின் பிழைத்தது. அதைவிட, இவர் என் சொல்லை அப்படி நம்பியதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

ஓரமாக நிறுத்தினார். சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நின்னுடுச்சி. சொன்னா சொன்னதுதான். வீட்டுக்குப் போயி கழட்டிடறேன்."

"மொதல்ல பேனட்ட தெறங்க," என்றேன்.

ரப்பர் டியூப் சுவிட்சிலிருந்து நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது. சுவிட்சுக்கு அழுத்தமே போகவில்லை. இவர் அதை மாட்டி, கம்பி வைத்து முறுக்கினார்.

"இன்னொரு தடவ ஏறுங்க."

என்னை நிமிர்ந்து பார்த்தார். வண்டியை எடுத்தார்.

அடுத்த ஏற்றத்தில் காலை அழுத்தினார். காற்று சீறி ஏறுகிற சத்தம் கேட்டது. அந்த க்ஷணமே பின்சீட்டுக்கு அடியில் 'ம்ம்' என்று ஒன்று எழுந்தது. யாரும் சுவிட்ச் போடவில்லை, யாரும் கூப்பிடவில்லை. ஊசி கொஞ்சம் தயங்கி, பிறகு கோட்டுக்கு மேலே மேலே ஏறியது. வளைவில் காலை எடுத்தார், 'ம்ம்' அடங்கியது. மறுபடி அழுத்தினார், மறுபடி எழுந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நான்தான் இந்த டர்போவைக் கழட்டச் சொன்னவள்.

"ஊசி எங்க நிக்குது?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. நான் திரும்பி உட்கார்ந்து, பின்சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தேன். அவசரமாகத் திரும்பிப் பார்த்தேன். "மேலதான் நிக்குது," என்றேன்.

மேலே போய் நிறுத்தினார். சுற்றிலும் காடு, நல்ல காற்று. இவர் இறங்கவில்லை.

"நடுவுல நின்னுது நின்னுதுதான். இப்ப சொல்லு, கழட்டிடட்டுமா?"

கழட்டாதீங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"கழட்டாத," என்று வந்தது.