ஆயுத பூஜைக்கு நான் போட்ட பாட்டு

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உதிரிபாகங்கள் வார்க்கும் ஒரு தொழிற்சாலையில் பதினாறு வருஷமாக இருக்கிறேன். வார்த்து வரும் பாகங்களில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. நாற்பத்து மூன்று வயது வரைக்கும் எனக்கென்று ஒரு பாட்டு இருந்ததில்லை. மணவாள நகரிலிருந்து கிளம்பும் கம்பெனி பஸ்ஸில் டிரைவர் எதைப் போடுகிறாரோ அதுதான்.

இரண்டு வருஷம் முன்பு புது மெஷின் பூட்ட இத்தாலியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். டூல் பெட்டி மேல் சின்ன ஸ்பீக்கரை வைத்துக் கேட்டுக்கொண்டே வேலை செய்வார். முதல் நாள் அது எனக்கு வெறும் இரைச்சல். மறுநாள் ஒரு பெண் பாடினாள். பின்னால் நாற்பது ஐம்பது வாத்தியங்கள் சேர்ந்து இடித்தன. அவள் குரல் அத்தனையையும் கிழித்துக்கொண்டு மேலே வந்தது. கையிலிருந்த பாகத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றுவிட்டேன்.

இவள் என்ன சொல்கிறாள் என்று அவரிடம் கேட்டேன். காதலித்தவன் ஏமாற்றிவிட்டான், கோபத்தில் பாடுகிறாள், பாடியே நடத்துகிற நாடகம், இதற்கு ஆபரா என்று பேர் என்றார் அரைகுறை இங்கிலீஷில். மைக் கிடையாதாம். தொண்டை மட்டும்தானாம்.

அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பொம்பளை குரல் வாசலைத் தாண்டக் கூடாது என்று கேட்டே வளர்ந்தவள் நான். கல்யாணமாகி வந்த வீட்டிலும் அதே பேச்சு. இங்கே ஒருத்தி தன் ஆத்திரத்தை ஊருக்கே கேட்கும்படி பாடுகிறாள். ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் பேசாமல் உட்கார்ந்து கேட்கிறார்கள்.

மெக்கானிக் கிளம்பும் முன் நாலு ஆபராக்களின் பேரை எழுதிக் கொடுத்தார். போனில் தேடி, சமைக்கும்போது போட ஆரம்பித்தேன். ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர் அடுப்படிக்கே வந்துவிட்டார்.

"வெளக்கேத்தற நேரத்துல இன்னா இது, எழவு ஊடு மாதிரி ஒப்பாரி?"

"ஒப்பாரிதான். ஆனா இவ யாருக்கும் பயந்துக்கினு அழல."

"உனக்கு ஒரு வார்த்தையாவது புரியுதா?"

"கோவம் புரியுது."

அவர் போய் டிவி சத்தத்தைக் கூட்டினார். நானும் கூட்டினேன்.

போன வருஷ ஆயுத பூஜையன்று தொழிற்சாலையில் பெரிய ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். காலையிலிருந்து ஆளாளுக்குப் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் நான் போனில் ஆபரா கேட்பதைப் பார்த்திருந்த, பேக்கிங்கில் இருக்கும் ஒரு பெண், "அக்கா, உங்க பாட்டப் போடுங்களேன், நாங்களும் கேக்கறோம்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் வெட்கப்பட்டு ஒதுங்குவேன் என்று நினைத்திருப்பார்கள். போய் என் போனைச் செருகினேன்.

முதல் அடியிலேயே ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். சிலர் சுண்டல் வாங்கப் போய்விட்டார்கள். மேனேஜர் வேகமாக வந்தார்.

"நல்ல நாள் அதுவுமா என்னம்மா இது? நிறுத்துங்க."

"காலைலேர்ந்து எல்லார் பாட்டும் முழுசா ஓடுச்சு சார். இதுவும் முடியட்டும். இன்னும் நாலு நிமிஷம்தான்."

சொல்லிவிட்டு ஸ்பீக்கருக்கு முன்னால் நின்றுகொண்டேன். நகரவில்லை.

உலையில் இரும்பு உருக்கும் பெரியவர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். யாரோடும் அதிகம் பேசாதவர்.

"யாரும்மா செத்துட்டாங்க?"

"இன்னும் யாரும் சாவல. கதைய போன்ல படிச்சேன். சாவப்போறோம்னு அவளுக்குத் தெரியும். அதுக்குள்ள பேச வேண்டியதப் பேசிக்கினு கீறா."

"பேசட்டும்" என்று சொல்லி என் பக்கத்திலேயே நின்றுவிட்டார். மேனேஜர் எங்கள் இருவரையும் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், திரும்பிப் போனார். பாட்டு கடைசி வரை ஓடியது. யாரும் கை தட்டவில்லை.

இந்த வருஷம், போடப்போகும் பாட்டுகளை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். யாருக்காக ஒட்டியது என்று எல்லாருக்கும் தெரியும். முதல் ஆளாகப் போய், போன தடவை போட்டதைவிட நீளமான ஒன்றை எழுதிக் கொடுத்தேன். உலைப் பகுதியிலிருந்தும் ஆபரா என்று ஒரு சீட்டு வந்திருப்பதாக ஆபீஸ் கிளார்க் சொன்னார்.

மேனேஜர் இன்னும் பதில் சொல்லவில்லை. நாளைக்குப் போய்க் கேட்பேன்.