ஜெபப் பெட்டியில் போட்ட சீட்டு

தண்டலத்து ஷெர்லின் வாய் திறந்து ஒரு குறை சொல்லிக் கேட்டவர் கிடையாது. ஒரகடத்தில் பிரேக் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஆறு வருஷமாகக் கான்ட்ராக்ட் வேலை. பாகங்களை அளந்து பார்த்துப் பச்சை ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். மனசில் இருப்பதை இறக்கி வைக்க அவளுக்கு இருந்த ஒரே இடம், சபையின் வாசலோரம் இருந்த ஜெபப் பெட்டிதான்.

விண்ணப்பத்தைச் சீட்டில் எழுதி, மடித்துப் போடுவார்கள். மாதக் கடைசி வெள்ளியில் பாஸ்டர் ஜோயல் பெட்டிமேல் கைவைத்து ஜெபித்துவிட்டு, எல்லார் கண்முன்னாலும் சீட்டுகளை மடிப்புப் பிரிக்காமல் எரிப்பார். "உங்களுக்கும் கர்த்தருக்கும் நடுவுல நான் யாரு?" என்பார். பத்து வருஷமாக ஷெர்லின் அந்தப் புகையை நம்பினாள். ஆண்டவரிடம் அரைகுறையாகச் சொல்லலாமா என்று தேதி, ஷிப்டு, லைன் நம்பர் வரை எழுதுவாள். ரிப்போர்ட் எழுதிப் பழகின கை, என்ன செய்வது!

ஜூலையிலும் அப்படித்தான் எழுதினாள். செகண்ட் ஷிப்டில் அளக்கும் கேஜ் பழுதாகிவிட்டது. காலையில் லாரி வருகிறது என்று சூப்பர்வைசர் பாண்டுரங்கன் நெருக்க, மூன்று ட்ரே பாகங்களுக்கு அளக்காமலே ஸ்டிக்கர் ஒட்டினாள். மனசு கேட்கவில்லை. மறுநாள் விடிவதற்குள் போய், வேறு லைன் கேஜை வாங்கி, குடோனில் அத்தனையையும் அளந்தாள். தேறாத பதினொன்றை யாருக்கும் தெரியாமல் ஸ்கிராப்பில் போட்டாள். 'என்னை மன்னியும், பாண்டுரங்கன் சாரையும் மன்னியும்' என்று சீட்டை முடித்தாள். அக்டோபரில் பர்மனென்ட் லிஸ்ட் வரும். அதில் அவள் பெயர் ஏற வேண்டுமானால் பாண்டுரங்கன் கையெழுத்துப் போட வேண்டும்.

செப்டம்பரில் சபை ஒரு பொதுக்கூட்டம் வைத்தது. 'விசுவாசமும் தொழில் நேர்மையும்', அனைவரும் வருக. ஷெர்லின் கம்பெனி பஸ்ஸிலேயே நோட்டீஸ் கொடுத்தாள். கூட வேலை செய்யும் மதிவதனி வந்தாள். மூன்று முறை கூப்பிட்டதற்காகப் பாண்டுரங்கனும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். அவருக்கு இரண்டாம் வரிசையில் நாற்காலி போட்டதும் அவள்தான். அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சமில்லை.

ஜோயல் நன்றாகவே பேசினார். பாதியில் குரலைத் தாழ்த்தினார்.

"நம்ம சபையில ஒரு சகோதரி. பிரேக் கம்பெனி. கேஜ் ரிப்பேர், மூணு ட்ரே. அளக்காம ஒட்டுன்னு சூப்பர்வைசர் நெருக்கறாரு. மறுநாள் அவங்களே போயி, பதினோரு பீஸை எடுத்து ஸ்கிராப்ல போட்டாங்க! பேரு சொல்லமாட்டேன்."

கைதட்டல். ஷெர்லின் இரண்டாம் வரிசையைப் பார்த்தாள். பதினொன்று என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. சீட்டில் எழுதினதோடு சரி.

கூட்டம் முடிந்ததும் பாண்டுரங்கன் அவளிடம் வந்தார். கத்தவில்லை.

"பதினோரு பீஸ் இன்னா ஆச்சுன்னு ரெண்டு மாசமா தேடினு கீறாங்க. இதுக்குத்தான் என்னைக் கூப்ட்டு முன்னாடி குந்த வச்சியா? நாளைக்கு லைனுக்கு வராத. நேரா எச்ஆர பாரு."

"சார், நான் சொல்லல சார்..."

அவர் நிற்கவில்லை.

ஜோயல் மலர்ந்த முகத்தோடு வந்தார். "பேரு சொல்லலியேம்மா. பெருமையாத்தானே சொன்னேன்?"

"எரிச்சீங்களே ஐயா?"

"எரிக்கறதுக்கு முந்தின நாளு ஒருதரம் படிச்சாதானேம்மா பாரத்தோட ஜெபிக்க முடியும்?"

கூசாமல் சொன்னார். பத்து வருஷச் சீட்டும் அவள் நினைவில் வரிசையாக வந்தது. புருஷன் குடித்துவிட்டு அடித்தது, மூன்றாம் மாதம் கலைந்தது, மாமியார் சாகட்டும் என்று ஒருநாள் எழுதி, மறுவாரமே மன்னிப்புக் கேட்டது. அத்தனையும் படித்துவிட்டுத்தான் இந்த மனிதர் ஞாயிறுதோறும் அவளுக்கு ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறார். வேலை போவதைவிட இந்தத் துரோகம்தான் அவளை அறுத்தது.

வாசலில் மதிவதனி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சீட்டின் இரண்டு பக்கமும் நிறைய எழுதி மடித்துக்கொண்டிருந்தாள். பெட்டிக்கு நீண்ட கையை ஷெர்லின் பிடித்துக்கொண்டாள்.

"போடாத மதி."

"ஏங்க்கா?"

"படிப்பாங்க," என்றாள் ஷெர்லின், கூடம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி.