குடத்தில் வெட்டிய பி.காம்.

செஞ்சி கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையின் புடவைப் பிரிவில் பதிமூன்று வருஷமாக நிற்கிறாள் என் அக்கா சாமுண்டீஸ்வரி. நிற்கிறாள் என்றுதான் சொல்ல வேண்டும். மதியம் சாப்பிடும் இருபது நிமிஷம் தவிர அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

அனந்தபுரத்திலிருந்தும் பனமலையிலிருந்தும் பஸ் ஏறி வரும் பெண்கள் கடைக்குள் நுழைந்ததும், "ஈஸ்வரி இருக்குறாங்களா?" என்றுதான் கேட்பார்கள். எதை வாங்கிக் கொடுத்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் மாமியார், நாத்தனார், ஓரகத்திகளுக்குப் புடவை எடுப்பதற்கு இந்தப் பக்கத்தில் அவளை விட்டால் ஆள் கிடையாது. நிறம் எது, விலை எவ்வளவு என்று அவள் முதலில் கேட்க மாட்டாள். ஒரே கேள்விதான்.

"அவங்க இதுக்கு முன்னாடி இன்னா வேணாம்னு சொன்னாங்க?"

ஒரு முறை நானே பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். ஒரு பெண் அழாத குறையாகச் சொன்னாள்: "போன தீபாவளிக்குப் பட்டு எடுத்தேன், பார்டர் பெருசுன்னாங்க. பொங்கலுக்கு எடுத்தது கஞ்சி ஜாஸ்தின்னாங்க. கல்யாண நாளுக்கு எடுத்தது நீளம்னாங்க. நான் இன்னாதாங்க்கா பண்றது?"

அக்கா இரண்டு விநாடி யோசித்தாள். "உங்க மாமியாருக்குத் தோள்பட்ட வலி. வெளிய சொல்ல மாட்டாங்க. கனம் இல்லாத புடவையா பாருங்க" என்று மெல்லிய பருத்திப் புடவை ஒன்றை உருவிப் போட்டாள். அடுத்த மாதம் அந்த மாமியாரே அதைக் கட்டிக்கொண்டு கடைக்கு வந்தார்.

ஊருக்கே பரிசு எடுத்துக் கொடுக்கிறவளுக்கு ஒரு பரிசு கொடுத்துப் பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் தெரியும். அவளுடைய ஒரே தம்பி தேவேந்திரன் நான். எங்கள் தெருவின் முதல் பட்டதாரி. பி.காம். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு அன்றும் வெட்கம் இருந்ததில்லை, இன்றும் இல்லை. சூளையில் கல் அறுத்த பச்சைமுத்துவின் மகன் இன்று விழுப்புரத்தில் டிராக்டர் ஷோரூமில் பில்லிங் பார்க்கிறான் என்றால் அது சின்ன விஷயமா?

ஆனால் போன சித்திரையில் அந்தப் பட்டதாரிக்குச் சோறு இறங்கவில்லை.

அக்கா மகள் அனுஷாவுக்கு மேல்மலையனூரில் மொட்டை போட்டுக் காது குத்த நாள் குறித்திருந்தார்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவன் தாய்மாமன், அதாவது நான். ஆசையாக ஒரு ஃப்ளெக்ஸ் டிசைன் செய்து அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். என் போட்டோ, கீழே 'தாய்மாமன் ப. தேவேந்திரன் பி.காம்.' மறுநாள் அவளிடமிருந்து போன் வந்தது.

"ஃப்ளெக்ஸ்லாம் வேணாம்டா. மடியில நரேசு ஒக்காரட்டும்."

நரேஷ் எங்கள் சித்தப்பா மகன்.

"அக்கா, நான் உயிரோட இருக்கும்போது அவன் ஏன் ஒக்காரணும்?"

"அவனும் மாமன்தான" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

போட்டோ நன்றாக இல்லையோ என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான் போனது. காது குத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அன்று நரேஷ் மடியில் அந்தக் குழந்தை உட்கார்ந்துவிட்டால், அதற்கப்புறம் எந்த நல்லது கெட்டதுக்கும் நான் அந்த வீட்டில் விருந்தாளிதான். சடங்குக்குச் சீர் எடுத்துக்கொண்டு போனாலும் பந்தலில் ஓரமாக நிற்க வேண்டியதுதான்.

அவளுக்கு நான் ஒழுங்காக எதுவும் செய்யவில்லை, அந்தக் கோபம்தான் என்று முடிவு கட்டினேன். காஞ்சிபுரம் போய் ஒரு பட்டுப்புடவை எடுத்து வந்தேன். முந்தானையை இரண்டு விரலால் நீவிப் பார்த்தாள். "இதுல பாதி பட்டுகூட இல்ல. உன்ன ஏமாத்திட்டாங்க" என்று மடித்துக் கையில் கொடுத்தாள். மிக்ஸி வாங்கினேன். எதிர்வீட்டுக்குப் போய்விட்டது. கடையில் நின்று நின்று கால் வலிக்கிறதே என்று காலை அமுக்கிவிடும் மெஷின் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தேன். "நான் இன்னா கெழவியா?" என்றாள். கடைசியாக அனுஷாவுக்குத் தங்கத்தில் குட்டிக் கம்மல். டப்பியைத் திறக்கக்கூட இல்லை. "நரேசு வாங்கிக்கினு வரேன்னு சொல்லிட்டான்."

ஷோரூமில் ஒரு டிராக்டருக்கு இரண்டு முறை பில் போட்டுத் திட்டு வாங்கினேன். பஸ்ஸில், குளிக்கும்போது, எங்கேயும் இதே நினைப்பு. ஆறு நாள் ஓடிப்போயிருந்தது. ஒன்றும் புரியாமல் ஏழாம் நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு நேராக அவள் கடைக்கே போனேன். கல்யாண சீசன், கூட்டம். பெண்களுக்கு நடுவில் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"சொல்லுங்க சார். யாருக்கு?"

பக்கத்தில் இருந்த சேல்ஸ் பெண் கலைவாணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"எங்க அக்காவுக்கு" என்றேன்.

"வயசு?"

"முப்பத்தொண்ணு."

"அவங்க இதுக்கு முன்னாடி இன்னா வேணாம்னு சொன்னாங்க?"

"எல்லாத்தையும் வேணாம்னுட்டாங்க. ஒண்ணு விடாம. எனக்குப் பைத்தியம் புடிக்குதுக்கா. இன்னாதான் வேணும் உனக்கு?"

கத்தியே விட்டேன். கூட்டம் திரும்பிப் பார்த்தது. அவள் மேஜை மேல் கிடந்த புடவைகளை ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தாள்.

"இத்தினி நாளு இந்தக் கடைக்கு வர்றியே, நான் கேக்குற கேள்வி உனக்குத் தெரியாதா? வேணும்ங்கிறத யாரும் சொல்ல மாட்டாங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "சரி. உனக்கு இன்னா வேணாம்?"

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அந்தக் கொடத்துல இருக்குற பி.காம்" என்றாள். பிறகு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "நீங்க வாங்கம்மா, யாருக்குப் புடவ?" என்றாள்.

குடமா? எந்தக் குடம் என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தேன். கடை வாசலில் நின்றே அவள் வீட்டுக்காரர் பூபதி மாமாவுக்குப் போன் போட்டேன். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். திருவண்ணாமலை ரோட்டில் ஒரு டீக்கடைக்கு வரச் சொன்னார்.

"உனக்குத் தெரியாதா மச்சான்? கல்யாணத்துக்கு நீ ஒரு எவர்சில்வர் கொடம் குடுத்தியே" என்றார்.

ஞாபகம் வந்தது. நான் கடைசி வருஷம் பாஸ் செய்த மாதத்தில்தான் அவளுக்குக் கல்யாணம். பீமாராவ் பாத்திரக்கடையில் நல்ல கனமான குடமாகப் பார்த்து எடுத்தேன். பேர் வெட்டும் மெஷினைக் கையில் பிடித்துக்கொண்டு பீமாராவ் கேட்டார், "பேருக்கு அப்புறம் ஏதாவது போடணுமா தம்பி?" 'அன்பளிப்பு: ப. தேவேந்திரன் பி.காம்.' என்று வெட்டச் சொன்னேன். அந்தப் பட்டத்தை நான் முதன்முதலில் எழுத்தில் பார்த்தது அந்தக் குடத்தில்தான். பட்டச் சான்றிதழ் அதற்கப்புறம்தான் வந்தது.

"அதுல இன்னா மாமா தப்பு?"

"தப்பு இல்ல. தெருக்கொழாயில தண்ணி புடிக்கிற பொம்பளைங்க அதப் படிச்சிட்டாளுங்க. 'பி.காம் வருது, வழி விடுங்கடி'ன்னு ஆரம்பிச்சாளுங்க. இப்ப அவளுக்கு அதான் பேரு. 'பி.காம் அக்கா'. புதுசா குடி வந்தவங்க நெசமாவே படிச்சவன்னு நெனச்சிக்கிறாங்க. போன வருசம் ஒரு அம்மா, தன் பொண்ணுக்கு அக்கவுண்ட்ஸ் டியூசன் எடுங்கன்னு வந்து நின்னுட்டாங்க. 'நான் படிக்கலம்மா, அது எந் தம்பி'ன்னு சொல்லி அனுப்பினா. அன்னிக்கிச் சோறு ஆக்கல."

டீ ஆறிக்கொண்டிருந்தது.

"வேற கொடம் எடுத்துக்கினு போன்னு நானும் சொல்லிட்டேன். 'தம்பி குடுத்தது, மூலையில போடறதா?'ன்றா. ஏழு வருசமா அதத்தான் இடுப்புல தூக்கிக்கினு வரா."

எனக்குத் தெரிந்த ஒன்று பூபதி மாமாவுக்கும் தெரியும், ஆனால் அவர் சொல்லவில்லை. ப்ளஸ் டூவில் அக்கா வாங்கியது ஆயிரத்து முப்பத்தெட்டு. அக்கவுண்டன்ஸியில் மட்டும் இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூற்று நான்கு. நான் அப்போது ஒன்பதாவது. "ஒருத்தரத்தான் மேல படிக்க வக்க முடியும்" என்றார் நைனா. திண்டிவனம் காலேஜில் பி.காம். அப்ளிகேஷன் வாங்கி நிரப்பிக்கூட வைத்திருந்தாள். அதைக் கொடுக்கவில்லை. ஜவுளிக்கடைக்குப் போனாள். மூன்று வருஷம் கழித்து எண்ணூற்று எழுபத்து நான்கு மார்க் வாங்கிக்கொண்டு அதே காலேஜில் அதே பி.காம்.மில் நான் சேர்ந்தேன். பேலன்ஸ் ஷீட் டேலி ஆகாமல் நான் விழித்த நாளெல்லாம், கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் எட்டிப் பார்த்து, "தேய்மானத்த விட்டுட்டியேடா" என்பாள்.

அவள் படிக்க ஆசைப்பட்டதை என் பேருக்குப் பின்னால் வெட்டி அவள் இடுப்பிலேயே ஏற்றிவிட்டிருக்கிறேன். அது போதாது என்று ஃப்ளெக்ஸ் வேறு.

நான் கேட்டுக்கொண்டபடி மறுநாளே பூபதி மாமா குடத்தை ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்தார். பீமாராவ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

"அழிக்கணுமா?" பீமாராவ் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "முப்பது வருசமா பேரு வெட்டுறேன். அழிக்கச் சொல்லி வந்த மொத ஆளு நீதான் தம்பி. ஆழமா வெட்டியிருக்குது. தேய்ச்சா அந்த எடம் கோரமா தெரியும்."

"தெரியட்டும். இன்னா செஞ்சா போகும்?"

"உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும். அதுக்கெல்லாம் எங்கிட்ட ஆள் இல்லப்பா."

பக்கத்து ஹார்டுவேர் கடையில் உப்புத்தாள் வாங்கிவந்து, அவர் கடை ஓரத்திலேயே குடத்தைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் 'பி' போகவே இல்லை. அழுத்தித் தேய்த்தால் விரல் தோல் உரிந்தது. தேயத் தேய எனக்கு என்னவோ செய்தது. எங்கள் வம்சத்தில் முதல் முதலாக ஒருவன் பேருக்குப் பின்னால் வந்த எழுத்து. அதை நானே அழிக்கிறேன். கடைக்கு வந்தவர்கள் இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். முக்கால் மணி நேரத்தில் 'பி.காம்.' போய்விட்டது. அந்த இடம் வெளுத்துச் சொறி பிடித்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் மீதியைப் பார்த்தேன். 'அன்பளிப்பு: ப. தேவேந்திரன்'. அதுவும் கர்வமாகத்தான் தெரிந்தது. ஒரு குடம் கொடுத்ததற்கு இவ்வளவு பெரிய எழுத்தா? இதுவும் அவளுக்குப் பிடிக்காமல் போனால்? இன்னும் இரண்டு தாள் வாங்கி எல்லாவற்றையும் தேய்த்தேன். ஓர் எழுத்து மிச்சமில்லை. குடத்தைப் பூபதி மாமாவிடம் கொடுத்தேன். அக்காவிடமிருந்து எந்தத் தகவலும் இல்லை. ஒரு மிஸ்டு கால்கூட இல்லை.

காது குத்து நாளான ஞாயிற்றுக்கிழமை, கூப்பிடாத இடத்துக்குப் போகிறவன் மாதிரி வளத்தி வழியாக மேல்மலையனூர் பஸ் ஏறினேன். அமாவாசை இல்லாததால் கோயில் பக்கம் கூட்டம் குறைவு. சட்டைப் பையில் அந்தக் கம்மல் டப்பி. ஏன் எடுத்துவந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

மொட்டை போடும் இடத்தில் எங்கள் ஆட்கள் நின்றார்கள். நரேஷ் புது வேட்டியில் பலகை மேல் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டான். அனுஷா அவன் மடியில் கையைக் காலை உதைத்துக்கொண்டிருந்தாள். பின்னாலேயே நின்றுவிட்டேன்.

குழந்தையின் தலையை நனைக்கத் தண்ணீர் கேட்டார் கத்தி பிடித்தவர். அக்கா அந்தக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடியிலிருந்து வந்தாள். இறக்கி வைத்தாள். வெயில் அந்தச் சொறிப் பக்கத்தில் விழுந்தது. கட்டைவிரலால் அதைத் தடவிக்கொண்டே சுற்றிலும் பார்த்தாள். என்னைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"டேய், இங்க வா. இது இன்னா?"

"நீதானக்கா சொன்ன. அழிச்சிட்டேன்."

"நான் இன்னா சொன்னேன்? பி.காம் வேணாம்னு சொன்னேன். பேர அழின்னு சொன்னேனா?"

"இல்ல..."

"எந் தம்பி பேர அழிக்க நீ யாருடா?" குரல் ஏறியது. "நாலு நாளா தண்ணி புடிக்கிற எடத்துல ஒவ்வொருத்தியும் கேக்குறா, இந்தக் கொடம் யாருதுன்னு. நான் இன்னா சொல்றது? ஒண்ணு கேட்டா ஒன்பது செய்வியா? படிச்சவன்தான நீ?"

எல்லோரும் பார்த்தார்கள். பூபதி மாமா தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினார்.

"பாப்பா துள்ளுதும்மா. மாமன் கெட்டியா புடிச்சிக்கணும்" என்றார் கத்தி பிடித்தவர்.

அக்கா நரேஷைப் பார்த்தாள். "நரேசு, எழுந்திருடா. நீ காது குத்தும்போது வெல்லம் குடு."

நரேஷ் முனகிக்கொண்டே எழுந்தான். "வேட்டி வாங்கிட்டேன்க்கா."

"கல்யாணத்துக்குக் கட்டிக்கோ." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நின்னுக்கினே இருக்குற? ஒக்காரு. திங்கக்கெழம போயி பேர வெட்டிக்கினு வந்து குடு. பேரு மட்டும்."

உட்கார்ந்தேன். அனுஷாவை மடியில் வைத்தார்கள். அவள் என் மணிக்கட்டைக் கடித்தாள். உப்புத்தாளில் உரிந்த விரல்களால் அவள் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். ஈரமுடி கொத்துக் கொத்தாக என் பேண்ட் மேல் விழுந்தது.

காது குத்தியதும் ஆசாரி கம்மலைக் கேட்டார். நரேஷ் தன் பையைத் துழாவுவதற்குள் அக்கா என் சட்டைப் பையில் கையை விட்டு டப்பியை எடுத்துவிட்டாள். கம்மலைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"திருகு சரியில்ல. யாரு செலக்சன் இது?" என்றாள். ஆசாரியிடம் அதைக் கொடுக்காமல், அழுகிற குழந்தையின் காதில் தானே போட்டுத் திருக ஆரம்பித்தாள்.